பர்னார்டு விண்மீன் ஏன் கிடைக்கவில்லை?

சூரியனிலிருந்து ஏறத்தாழ 6 ஒளியாண்டு தொலைவில் பர்னார்டு விண்மீன் இருக்கிறது. மங்கலான சிவப்புக் குள்ளன். வெறும் கண்ணுக்குத் தெரியாது. வானியலாளர்களுக்கோ மிகப் பழகிய முகம். ஏதாவது ஒரு கையேட்டைத் திறந்தால் அதன் இருப்பிடம் கிடைக்கும்: 269.452, 4.693. பூமியில் நெட்டாங்கும் அகலாங்கும் ஓர் ஊரைச் சுட்டுவதுபோல் வானத்தில் ஓர் இடத்தைச் சுட்டும் இரு கோணங்கள் இவை. இரண்டும் பாகைக் கணக்கு. இந்த எண்களை எடுத்துக்கொண்டு, ஐரோப்பாவின் கையா விண்கலம் தொகுத்த பட்டியலிடம் ஒரு கேள்வி அனுப்புவோம். இந்த இடத்தைச் சுற்றி ஒரு கலை ஆரத்துக்குள் இருப்பதையெல்லாம் கொடு. (பாகையில் அறுபதில் ஒன்று கலை; கலையில் அறுபதில் ஒன்று விகலை.)

கையாவின் மூன்றாம் வெளியீடு 2022 ஜூனில் வந்தது. அதில் சுமார் 181 கோடி ஒளிப்புள்ளிகள் உள்ளன. ஆனாலும் பதில் சில நொடிகளில் வந்துவிடும். அட்டவணை ஒழுங்காக இருக்கும். அலகுகள் சரியாக இருக்கும். பர்னார்டு விண்மீன் மட்டும் அதில் இருக்காது.

காரணம் இதுதான். நாம் கொடுத்த இடம் அந்த விண்மீன் 2000ஆம் ஆண்டில் இருந்த இடம். கையா பட்டியலில் எழுதியிருப்பது 2016ஆம் ஆண்டில் இருந்த இடம். பெரும்பாலான விண்மீன்களுக்கு இந்த 16 ஆண்டு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் பர்னார்டு விண்மீன்தான் வானில் மிக வேகமாக நகர்வது. ஆண்டுக்குப் பத்து விகலைக்குச் சற்று மேல். 16 ஆண்டுகளில் அது இரண்டே முக்கால் கலை தூரம் வடக்கே போய்விட்டது. நம் தேடல் வட்டமோ ஒரு கலை. பட்டியலில் உள்ளதை உள்ளபடியே தேடும் சேவை, இந்த வட்டத்துக்குள் அது இல்லை என்று சொன்னால் அது பொய்யே அல்ல. கேட்டவர் சரியாகக் கேட்டார், சொன்னவர் சரியாகச் சொன்னார், விண்மீன் மட்டும் கிடைக்கவில்லை.

இப்படி ஓர் இடத்தையும் ஓர் ஆரத்தையும் கொடுத்துக் கேட்பதற்குக் கூம்புத் தேடல் என்று பெயர். உலகின் எந்த வானியல் தரவகத்திடமும் ஒரே விதமாகக் கேட்க முடிய வேண்டும், பதிலும் ஒரே வடிவில் வர வேண்டும் என்பதற்காக வகுக்கப்பட்ட நியமங்களில் இதுவே மிக எளியது. இந்த நியமங்களை வகுப்பது சர்வதேச மெய்நிகர் வானாய்வகக் கூட்டணி, சுருக்கமாக ஐவிஓஏ. 2002 ஜூனில் பல நாடுகளின் திட்டங்கள் சேர்ந்து இதைத் தொடங்கின. புணேயின் ஐயூகா நிறுவனத்தை மையமாகக் கொண்ட இந்தியத் திட்டமும் அந்த முதல் ஆண்டுகளிலிருந்தே இதில் உண்டு. பெர்சிஸ்டென்ட் சிஸ்டம்ஸ் மென்பொருள் நிறுவனத்தோடு சேர்ந்து அது உருவாக்கிய வோபிளாட் என்ற வரைபடக் கருவி பல நாடுகளில் பயன்பட்டது.

தனித்தனித் தொலைநோக்கிகளின் தரவை இணையத்தின் வழியே ஒரே வானாய்வகம்போல் ஆக்குவதுதான் கனவு. நல்ல கனவு, பெருமளவு நிறைவேறியும் இருக்கிறது. ஆனால் அத்தகைய சேவையைக் கட்டுகிறவர்கள் படும் பாடு வெளியே தெரிவதில்லை. கம்பியிலோ கணினி வேகத்திலோ பெரிய சிக்கல் இல்லை. ஓர் எண் எதைக் குறிக்கிறது என்பதில் எல்லாரும் உடன்படுவதுதான் சிக்கல்.

இதற்கு ஐவிஓஏவைவிட மூத்த சாட்சி ஃபிட்ஸ். வானியல் படங்களைச் சேமிக்கும் இந்தக் கோப்பு வடிவத்தை 1979இல் அமெரிக்க வானியலாளர்கள் டான் வெல்ஸும் எரிக் கிரைசனும் வகுத்தார்கள். ஒருவர் கிட் பீக்கின் ஒளியியல் தொலைநோக்கிகளைச் சேர்ந்தவர்; மற்றவர் ரேடியோ வானியலாளர். இருவரின் கணினிகளும் வேறு வேறு இனம். 1981இல் கட்டுரை வெளிவந்தது. 1982இல் உலக வானியல் ஒன்றியம் ஏற்றுக்கொண்டது. மூன்றே ஆண்டு. அந்தக் காலத்தின் தழும்புகள் ஃபிட்ஸ் கோப்பின்மீது இன்றும் இருக்கின்றன. தலைப்பகுதியில் ஒவ்வொரு வரியும் சரியாக 80 எழுத்து, ஏனென்றால் துளை அட்டையில் 80 இடம்தான். கோப்பு 2880 பைட் துண்டுகளாக வளரும், ஏனென்றால் அன்று புழங்கிய கணினிகளின் பலவித சொல் நீளங்களாலும் மீதியின்றி வகுபடும் எண் அது.

ஆக, வடிவத்துக்கு மூன்றாண்டு போதுமானதாக இருந்தது. ஆனால் படத்தின் ஒரு புள்ளி வானத்தின் எந்த இடத்தைக் குறிக்கிறது என்று எழுதும் முறை முழுமையாக முடிவானது 2002இல். அதே கிரைசன் அந்தக் கட்டுரைகளிலும் இருக்கிறார், இருபது ஆண்டு கழித்து. நிறமாலையின் அலைநீளத்தை எழுதும் முறை 2006இல் வந்தது. நேரத்தை எழுதும் முறைக்கு 2015 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட காலத்தில் ஒவ்வொரு வானாய்வகமும் தனக்குத் தோன்றியபடி எழுதிக்கொண்டது. நாளைக் குறிக்கும் வரியில் ஆண்டுக்கு இரண்டே இலக்கம் இருந்ததால், 2000 பிறக்கும் முன் அவசரமாக அதை மாற்றவேண்டி வந்தது தனிக் கதை.

நேரம் என்ற ஒன்றுக்கு ஏன் அத்தனை தாமதம்? வானியலாளர்கள் நாள்களை ஒரே தொடர் எண்ணாக எண்ணுவார்கள். அந்த ஜூலியன் நாள் நண்பகலில் பிறக்கிறது. இரவு முழுவதும் ஒரே தேதி இருக்கட்டும் என்ற வசதிக்காக வந்த வழக்கம். அதிலிருந்து 2400000.5ஐக் கழித்த திருத்திய ஜூலியன் நாளோ நள்ளிரவில் பிறக்கிறது. அந்த அரையைக் கழிக்க மறந்தால் பன்னிரண்டு மணி நேரம் பிசகும். நம் கைக்கடிகாரங்களின் ஆதாரமான உலகப் பொது நேரத்துக்கும், கோள்களின் கணக்குக்குப் பயன்படும் சீரான புவி நேரத்துக்கும் இப்போது 69.184 நொடி வித்தியாசம். இவை போதாதென்று, பூமி சூரியனைச் சுற்றுவதால் ஒரே ஒளி ஆறு மாதத்துக்கு ஒருமுறை முந்தியும் பிந்தியும் வந்து சேரும். எனவே சிலர் சூரியக் குடும்பத்தின் நிறைமையத்துக்குத் திருத்திய நேரத்தை எழுதுவார்கள், சிலர் தொலைநோக்கியின் கடிகாரம் காட்டியதை அப்படியே எழுதுவார்கள். இரண்டுக்கும் எட்டு நிமிடத்துக்கும் மேல் வேறுபாடு வரலாம். அட்டவணையில் எல்லாமே நேரம் என்ற தலைப்பின் கீழ் ஒரு தசம எண்ணாகத்தான் நிற்கும்.

இடமும் அப்படித்தான். பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால் வானத்தின் ஆயக்கோடுகளே நகர்கின்றன. பஞ்சாங்கக்காரர்கள் அயனாம்சம் என்று கணக்கில் கொள்ளும் அதே அசைவு. 1950ஆம் ஆண்டின் கோடுகளை வைத்து எழுதிய இடத்தை 2000ஆம் ஆண்டின் கோடுகளில் வைத்தால் அரைப் பாகைக்கும் மேல் தள்ளிப் போகும், அதாவது முழுநிலவின் அகலத்தைவிட அதிகம். பழைய ஒளிப்படத் தட்டுகளிலிருந்து தொகுத்த பட்டியல்கள் பலவும் 1950இன் கணக்கில்தான் இருக்கின்றன. கோடு மாறியதும் விண்மீன் நகர்ந்ததும் வேறு வேறு விஷயங்கள் என்பதைச் சேவையைக் கட்டுகிறவர் பிரித்துச் சொல்லவில்லை என்றால், பயன்படுத்துகிறவருக்குக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

பிரகாசத்தின் அளவுக்கும் இதே கதி. அதில் நமக்கு ஒரு சொந்த உறவும் உண்டு. பொலிவெண்ணில் ஐந்து படி என்றால் ஒளியில் நூறு மடங்கு என்ற கணக்கை 1856இல் முன்மொழிந்தவர் நார்மன் போக்சன். 1861 முதல் 1891இல் இறக்கும்வரை சென்னை நுங்கம்பாக்கத்தில் இருந்த மதராஸ் வானாய்வகத்தைப் பொறுப்பேற்று நடத்தியவர். அவருடைய படிக்கணக்கை இன்றும் உலகமே பின்பற்றுகிறது. ஆனால் படிகளின் அளவைத்தான் அவர் வகுத்தார்; பூச்சியம் எங்கே என்பதில் இன்றும் இரண்டு மரபுகள். ஒன்று வேகா விண்மீனை அளவுகோலாக வைப்பது, மற்றொன்று நிலையான ஓர் ஆற்றல் அளவை வைப்பது. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். அகச்சிவப்பில் இரண்டு மைக்ரான் பக்கம் போனால் வித்தியாசம் 1.85 பொலிவெண் வரை வரும்; ஒளியளவில் ஐந்து மடங்குக்கும் மேல். எந்த மரபு என்று எழுதாமல் விட்ட ஒரு நெடுவரிசையை இன்னொரு தரவகத்தின் நெடுவரிசையோடு சேர்த்து வரைந்தால் இல்லாத ஒரு விண்மீன் இனமே பிறந்துவிடும்.

ரேடியோக்காரர்கள் அதிர்வெண்ணில் பேசுகிறார்கள், ஒளியியல்காரர்கள் ஆங்ஸ்ட்ராமில், எக்ஸ்-கதிர்க்காரர்கள் கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டில். ஐவிஓஏ ஒரு முடிவெடுத்தது: எந்த அவதானிப்பானாலும் அதன் அலைநீள எல்லைகளை மீட்டரில் எழுது. நியாயமான முடிவு, யாருக்கும் வசதியில்லாத முடிவும்கூட. ஒரு எக்ஸ்-கதிர்த் தரவகம் தன் 0.5 முதல் 7 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் வரையான வீச்சை மாற்றி எழுதும்போது, ஆற்றல் கூடினால் அலைநீளம் குறையும் என்பதால் சிறியது பெரியதாகவும் பெரியது சிறியதாகவும் இடம் மாற வேண்டும். மாற்றத் தவறினால் கீழெல்லை மேலெல்லையைவிடப் பெரிதாக நிற்கும். அந்த நிலையில் ஓர் அலைநீளத்தைக் கொடுத்துத் தேடினால் அந்தத் தரவகம் கிடைக்காது. பிழைச் செய்தி எதுவும் வராது. ஒளியியலிலும் ஒரு பொறி இருக்கிறது: ஹைட்ரஜனின் சிவப்புக் கோடு காற்றில் 6562.8 ஆங்ஸ்ட்ராம், வெற்றிடத்தில் 6564.6. எது என்று சொல்லாவிட்டால் ஒரு விண்மீன் நம்மைவிட்டு நொடிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுவதாகத் தோன்றும்.

இவ்வளவுக்கும் இடம் என்ற ஒன்றாவது எல்லாருக்கும் பொது என்று நினைத்தால், சூரியன் அதையும் கலைத்துவிடுகிறது. கொடைக்கானல் வானாய்வகம் 1904 முதல் சூரியனைப் படம் பிடித்துவருகிறது. அந்த நூற்றாண்டுத் தட்டுகள் இப்போது எண்மக் கோப்புகளாகிவிட்டன. அவற்றிடம் கூம்புத் தேடல் எதைக் கேட்கும்? சூரியன் ஆண்டுக்கு ஒருமுறை வானம் முழுதும் சுற்றி வருகிறது. என்றைக்கு, எந்த நிற ஒளியில், வட்டின் எந்தப் பகுதி என்பதுதான் அங்கே கேள்வி. கோள்களுக்கும் அதே நிலை. செவ்வாயின் ஒரு பள்ளத்தைத் தேடுகிறவருக்கு அன்று செவ்வாய் எந்த ராசியில் இருந்தது என்பது தேவையற்ற செய்தி. ஆகவே கோளியலாளர்கள் அதே நியமக் குடும்பத்துக்குள் தங்களுக்கென ஒரு கிளை கண்டார்கள். ஐவிஓஏ அதை ஏற்றுக்கொண்டது 2022இல்தான்.

இனி, கேள்வி வந்து சேரும் பக்கம் நின்று பார்க்கலாம். வானியலாளர் ஒருவர், நிரலாளர் ஒருவர், மூன்றாண்டுக்கு நிதி என்று ஒரு சிறிய தரவகம் தன் பட்டியலை வெளியிட விரும்புகிறது. கூம்புத் தேடலை ஒரு வாரத்தில் எழுதிவிடலாம் என்று தோன்றும். நியமத்தைப் படிக்கத் தொடங்கினால் பழைய வீட்டுச் சுவரில் கை வைத்த கதைதான். பதில் அட்டவணையில் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் அது என்ன என்று சொல்லும் ஓர் அடையாளச்சொல் வேண்டும். இந்தச் சொற்களின் புதிய அகராதி 2005இல் வந்துவிட்டது. கூம்புத் தேடலின் 2008 பதிப்போ, அதற்குள் இயங்கிக்கொண்டிருந்த சேவைகள் உடையக் கூடாது என்று பழைய அகராதியின் சொற்களையே கட்டாயமாக்கியது. மற்ற நியமங்களுக்குப் புதிய சொல் வேண்டும். ஒரு நெடுவரிசைக்கு ஒரு சொல்தான் இட முடியும். எனவே ஒரே பட்டியல், கேள்வி எந்த வாசலில் வந்தது என்று பார்த்து வேறு வேறு சொற்களோடு வெளியே போக வேண்டும்.

பிழை நேர்ந்தாலும் விசித்திரம்தான். கேள்வியில் தவறிருந்தால், இணையச் சேவைகளின் பொது வழக்கப்படி தவறைக் குறிக்கும் எண் ஒன்று திரும்ப வரவேண்டும். பழைய வானியல் நியமங்களில் எல்லாம் நலம் என்று பொருள்படும் 200 என்ற எண்ணோடு ஓர் அட்டவணை வரும். உள்ளே பிரித்துப் படித்தால் அதில் பிழைச் செய்தி இருக்கும். அந்தச் செய்தி அட்டவணைக்குள் எங்கே நிற்கலாம் என்பதற்கும் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்கள் உண்டு. பதில் காலியாக வந்தால் வானத்தில் அங்கே ஒன்றுமில்லையா, இந்தப் பட்டியல் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லையா, கேட்டதே புரியவில்லையா என்பதை நிரல் தானாகப் பிரித்தறிவது கடினம். அறிவியலில் இந்த மூன்றும் மூன்று வெவ்வேறு உண்மைகள். என்னைக் கேட்டால், இந்த நியமங்களின் மிகப் பெரிய பலவீனம் இதுதான். பார்த்தேன், இல்லை என்பதும் பார்க்கவில்லை என்பதும் ஒரே முகத்தோடு வருகின்றன. எந்த அவதானிப்பு வானத்தின் எந்தப் பகுதியை மூடியது என்று சொல்லும் எம்ஓசி என்ற வரைபட நியமம் பிற்பாடு வந்தது; இந்தக் குறையைப் பாதி தீர்த்தது அதுதான்.

இதற்கு அடுத்த படி, கேள்வியைக் கேட்கிறவரே எழுதும் டேப் நியமம். 2010இல் வந்தது. தரவுத்தளங்களின் எஸ்க்யூஎல் மொழியை வானத்துக்கு ஏற்பத் திருத்திய ஏடிக்யூஎல் என்ற மொழியில் யாரும் எதையும் கேட்கலாம். இந்த ஆண்டுக்குள் இத்தனை பொலிவு கொண்டு, இந்த வட்டத்துக்குள் இருக்கும் விண்மீன்களை, நானே அனுப்பும் என் பட்டியலோடு ஒப்பிட்டுக் கொடு என்றுகூடக் கேட்கலாம். கையா தரவகத்தின் வெற்றியில் இதற்குப் பெரும் பங்குண்டு. 181 கோடி வரிசைகளை யாரும் தன் மடிக்கணினிக்கு இறக்கி வேலை செய்வதில்லை. கேள்வியைத்தான் தரவிடம் அனுப்புகிறார்கள்.

இந்தச் சுதந்திரத்துக்கான விலையைச் சேவையைக் கட்டுகிறவர் கொடுக்கிறார். வட்டத்துக்குள் இருக்கிறதா என்ற எளிய நிபந்தனையை, தரவுத்தளத்துக்குப் புரியும் கோள வடிவியலாக மாற்ற வேண்டும். சுட்டுவரிசையைப் பயன்படுத்தும்படி மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு கேள்விக்கும் மொத்தப் பட்டியலையும் புரட்டும். 359.99 பாகையும் 0.01 பாகையும் பக்கத்து வீடுகள் என்று அதற்குச் சொல்லித்தர வேண்டும். துருவத்துக்குப் பக்கத்தில் நெட்டாங்குகள் நெருங்குவதைக் கவனிக்க வேண்டும். மணிக்கணக்கில் ஓடும் கேள்விகளை வரிசையில் நிறுத்தி, முடிந்ததும் விடையை எடுத்துக்கொள்ளச் சொல்லும் ஏற்பாடு தனியாக வேண்டும். மூன்றாண்டு நிதியில் வேலை பார்க்கும் இரண்டு பேர் இத்தனையையும் தாங்களே எழுத முடியாது. ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் உருவான டாக்ஸ் போன்ற ஆயத்தப் பொதிகளின் அருமை இங்கேதான் தெரியும். பயனர் பக்கத்தில் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் மார்க் டெய்லர் எழுதிய டாப்கேட் அதே அளவு முக்கியமானது. அவருடைய சோதனைக் கருவி ஒரு சேவையை வரிவரியாக விசாரித்து நியம மீறல்களைப் பட்டியலிடும். நியமத்தில் எழுதியிருப்பது ஒன்று, டாப்கேட் ஏற்றுக்கொள்வது ஒன்று என்றால், நடைமுறையில் இரண்டாவதைத்தான் எல்லாரும் பின்பற்றுகிறார்கள். ஏட்டுச் சட்டத்தைவிட ஒரு நல்ல மென்பொருள் அதிக ஒழுங்கைக் கொண்டுவந்திருக்கிறது என்பது என் கணிப்பு.

இன்றைய புதுச் சிக்கல் வயதால் வருவது. சிலியின் செரோ பச்சோன் மலையில் ரூபின் வானாய்வகம் தன் முதல் படங்களை 2025 ஜூனில் வெளியிட்டது. 320 கோடி பிக்சல் கேமரா. இரவொன்றுக்குச் சுமார் 20 டெராபைட் தரவு. தனக்கென்று புதுக் கேள்விமொழி ஒன்றை உருவாக்கும் வசதியும் ஆள்பலமும் அதற்கு இருந்தன. ஆனாலும் அது டேப்பைத் தேர்ந்தது. வானியலாளர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த கருவிகள் முதல் நாளே வேலை செய்ய வேண்டுமே. ஆனால் 2002க்கும் 2010க்கும் இடையில் வகுத்த நியமங்கள் அன்றைய இணையத்துக்குப் பிறந்தவை. கேள்வியின் உறுப்புகளை ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதினாலும் சிறிய எழுத்தில் எழுதினாலும் ஒன்றாகவே கொள்ள வேண்டும் என்பது விதி. இன்றைய இணைய நிரல்கட்டுகள் பெரும்பாலும் இரண்டையும் வேறாகவே பார்க்கும். ஆக ஒவ்வொன்றுக்கும் ஒரு மேலுறை எழுத வேண்டும். பதில்கள் எக்ஸ்எம்எல் என்ற வடிவில் வர வேண்டும். புதிய தலைமுறை நிரலாளர்களோ ஜேசான் என்ற வடிவில் வளர்ந்தவர்கள்.

இவை எரிச்சல்கள்தான். பாதுகாப்பு வேறு ரகம். நியமம் பிறந்த நாளில் தரவகங்கள் பெரும்பாலும் யாருக்கும் திறந்தே இருந்தன. யார் கேட்கிறார் என்ற கேள்வி எழவில்லை. ரூபினின் தரவு முதல் இரண்டு ஆண்டுகளுக்கு உரிமை பெற்றவர்களுக்கு மட்டும். ஆகவே உள்நுழைவு வேண்டும். நீண்ட கேள்விகளைச் சமர்ப்பிக்க நியமம் சொல்லும் வழியோ, பழைய இணையப் படிவம் போன்றது. உள்நுழைந்திருக்கும் ஒருவர் வேறு ஏதோ ஒரு தளத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அந்தத் தளம் அவர் பெயரில் அவருக்கே தெரியாமல் ஒரு படிவத்தை அனுப்பிவைக்க அந்த வழி இடம்கொடுக்கும். இன்றைய இணையத்தில் யாரும் விட்டுவைக்காத ஓட்டை. நியமத்தை எழுத்துப்படி பின்பற்றினால் அடைக்க முடியாது. அடைத்தால் பழைய கருவிகள் சில நின்றுபோகும்.

எனவே கேள்வியின் பொருளை ஓர் ஏட்டிலும் அதை இணையத்தில் ஏற்றி அனுப்பும் விதத்தை இன்னோர் ஏட்டிலும் பிரித்து எழுதிவிடலாமா என்ற பேச்சு இப்போது ஐவிஓஏவுக்குள் நடக்கிறது. அப்படிப் பிரித்தால், ஜேசானும் ஓப்பன்ஏபிஐ விவரிப்பும் கொண்ட புது வாகனம் ஒன்றைப் பழையதன் பக்கத்திலேயே ஓடவிடலாம். ஆயக்கோடு, காலப்புள்ளி, அலகு என்று இத்தனை ஆண்டு சண்டையிட்டுப் பெற்ற உடன்பாடுகளைத் தொட வேண்டியதில்லை. இந்த யோசனைக்குத்தான் என் வாக்கும். ஆனால் இதற்குச் செலவில்லை என்று யாரும் நினைக்கவில்லை. புது வாகனம் வந்தாலும் 2008இல் எழுதி, ஆள் மாறி, கவனிப்பாரின்றி ஒரு மூலையில் இன்னும் பதில் சொல்லிக்கொண்டிருக்கும் சேவைகள் பழைய மொழியைத்தான் பேசும். அவற்றில் சிலவற்றில் வேறெங்கும் இல்லாத தரவு இருக்கிறது. எனவே டாப்கேட்டும் அதன் தோழமைக் கருவிகளும் இரண்டு மொழியையும் பல ஆண்டுகள் பேசியாக வேண்டும். கூம்புத் தேடலின் பழைய அகராதிச் சொற்கள் உட்பட.